மாலை ஏன் அறுந்தது? மணி கோப்பவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மாலை அறுந்து மணிகள் நாலா பக்கமும் உருண்டோடும்போது யாருக்கும் முதலில் கை போவது மணிகளிடம்தான். கட்டிலுக்கடியில், அலமாரிக்கு அடியில் என்று தேடிப் பொறுக்கி எடுத்து ஒரு டப்பாவில் போட்ட பிறகு, கையில் மிஞ்சிய நூலைச் சுருட்டிக் குப்பையில் எறிந்துவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். புது நூலில் கோத்து முடித்த அதே மாலை, அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி அறுந்தது. அதற்குப் பிறகுதான் நூலைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

கீழே இருக்கும் ஒவ்வொரு தலைப்பும் ஓர் அறிகுறி. உங்கள் மாலை எதைச் சொல்லி அழுகிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் எந்த அறிகுறியானாலும் முதல் விதி ஒன்றுதான்: காரணம் தெரியும்வரை மறுபடி கோக்காதீர்கள்.

மாலை அறுந்துவிட்டது

அறுந்த இரண்டு நுனிகளையும் வெள்ளைத் தாளில் வைத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும்.

நுனி பஞ்சுபோலப் பிரிந்து, அறுந்த இடத்துக்கு முன்பே சில மில்லிமீட்டர் தூரம் நூல் மெலிந்து அழுக்கேறியிருந்தால், அது தேய்ந்து அறுந்தது. துளை பெரியது, நூல் மெல்லியது. மணி ஒவ்வோர் அசைவிலும் நூலை ரம்பம்போல அறுத்திருக்கிறது. துளை கொள்ளும் அளவுக்குத் தடித்த நூலைப் போடுங்கள், அல்லது இரட்டை நூலாகக் கோத்துவிடுங்கள்.

நுனி கத்தியால் வெட்டியதுபோல நேராக இருந்தால், பக்கத்து மணியின் துளை விளிம்பைச் சந்தேகிக்க வேண்டும். பட்டை தீட்டிய கிரிஸ்டல், நீளக் குழல் பாசி, மலிவான உலோக மணி மூன்றுமே இந்த வேலையைச் செய்யும். துளைக்குள் ஒரு பழைய நைலான் நூலை விட்டு, விளிம்பில் சாய்த்து நாலைந்து முறை இழுத்துப் பாருங்கள். பிசிறு வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. வைரத்தூள் பூசிய பீட் ரீமர் என்கிற ஊசி அரம் கொண்டு விளிம்பை மழுக்கலாம். கல், முத்து, சிப்பி இவற்றை ரீமரால் தேய்க்கும்போது தண்ணீருக்குள் வைத்தே செய்யுங்கள். மணி சூட்டில் விரிசல் விடாது, நுண்தூளும் உங்கள் நுரையீரலுக்குள் போகாது. மழுக்க முடியாத மணி என்றால் அதன் இரு பக்கமும் ஒரு குட்டிப் பாசியை வைத்துவிடலாம். விளிம்பில் நூல் சாயாமல் அது பார்த்துக்கொள்ளும். கிரிஸ்டல் மாலைக்கு நூலே வேண்டாம், பீடிங் ஒயர் என்கிற எஃகுக் கம்பி போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

நுனி அறுபடவே இல்லை, சுருண்டு சுருண்டு முழுசாக இருக்கிறதா? அப்படியானால் மாலை அறுந்ததாக நாம்தான் நினைத்துக்கொண்டோம். உண்மையில் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. வழவழப்பான நூல்களில், முக்கியமாகப் பின்னிய பாலிஎதிலீன் இழையில், இது சாதாரணம். அந்த இழை இழுப்புக்கு மிக வலிமையானது, ஆனால் முடிச்சைப் பிடித்துக்கொள்ளாது. ஒற்றை முடிச்சோடு நிறுத்தாமல், நூலைப் பின்னால் நாலைந்து மணிகளுக்குள் திருப்பிச் செலுத்தி, நடுநடுவே அரை முடிச்சுப் போட்டு, அதன் பிறகு வெட்டுங்கள்.

தூண்டில் நரம்பு என்கிற ஒற்றை இழை நைலான் என்றால் நுனியை விட்டுவிட்டு மிச்ச நூலை மடித்துப் பாருங்கள். மஞ்சளித்து, மடித்த இடத்தில் ‘டக்’கென்று ஒடிந்தால் வெயிலிலும் வயதிலும் செத்துப்போன நூல் அது. அதற்கு மருந்து கிடையாது. மாலைக்கு இந்த நரம்பை நான் பயன்படுத்துவதே இல்லை. கோக்கச் சுலபம் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி எனக்குத் தெரியவில்லை.

பீடிங் ஒயரில் கதை வேறு. இது மெல்லிய எஃகு இழைகளை முறுக்கி மேலே நைலான் பூசிய கம்பி. 7 இழை, 19 இழை, 49 இழை என்று வருகிறது. இழை கூடக்கூடக் கம்பி மெத்தென்று வளையும். நைலான் உரிந்து, இழைகள் படிப்படியாக வெவ்வேறு நீளத்தில் ஒடிந்திருந்தால், முன்னும் பின்னும் வளைந்து வளைந்து களைத்து ஒடிந்தது என்று பொருள். பெரும்பாலும் கொக்கிக்குப் பக்கத்தில்தான் இப்படி நடக்கும். மாலை முழுவதும் மணிகள் கம்பியைக் காக்கின்றன. கொக்கியின் வளையத்தில் மட்டும் அது வெறுமையாக உரசுகிறது. அங்கே குதிரைலாட வடிவில் இருக்கும் ஒயர் கார்டு ஒன்றைப் போட்டுவிட்டால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். பட்டு நூலில் அதே வேலையைச் செய்வது பிரெஞ்ச் ஒயர், அதாவது ஸ்பிரிங்போலச் சுருட்டிய மெல்லிய உலோகச் சுருள்.

கனமான கல்மாலைக்கு 7 இழைக் கம்பி போட்டவர்கள், அதை 49 இழைக்கு மாற்றிப் பாருங்கள். விலை கூடுதல்தான். ஆனால் மணி கோத்த நேரத்துக்கு நீங்களே ஒரு விலை வைத்துப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

கிரிம்ப் நழுவுகிறது, அல்லது கிரிம்ப் ஓரத்திலேயே கம்பி ஒடிகிறது

இரண்டும் எதிரெதிர்க் குறைகள். ஒன்றில் அழுத்தம் போதவில்லை, மற்றொன்றில் அழுத்தம் மிஞ்சிவிட்டது. இரண்டுக்கும் தாய் ஒன்றுதான்: அளவு பொருந்தாத கிரிம்ப், அதாவது முடிச்சுக்குப் பதிலாகக் கம்பியை நசுக்கிப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய்.

கிரிம்ப் குழாய்க்குள் கம்பி ஒரு தடவை நுழைந்து, கொக்கி வளையத்தைச் சுற்றித் திரும்பி வந்து, ஆக இரண்டு தடவை போக வேண்டும். போன பிறகு மூன்றாவது கம்பி நுழையத் தாராளமாக இடம் இருந்தால் குழாய் பெரிது. 0.38 முதல் 0.48 மி.மீ. வரையுள்ள கம்பிகளுக்குப் பொதுவாக 2 மி.மீ. குழாய் பொருந்தும்.

கிரிம்ப் பிளையரின் வாயில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். கைப்பிடிப் பக்கம் உள்ள பள்ளத்தில் ஒரு பல் துருத்திக்கொண்டிருக்கும். வேலை அங்கே தொடங்குகிறது. குழாய்க்குள் இரண்டு கம்பியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இணையாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு அழுத்துங்கள். பல் குழாயின் நடுவை உள்ளே தள்ளி இரண்டு வாய்க்கால் ஆக்கும்; வாய்க்காலுக்கு ஒரு கம்பி. பிறகு குழாயைக் கால் சுற்றுத் திருப்பி, மூக்குப் பக்கம் உள்ள முட்டை வடிவப் பள்ளத்தில் வைத்து மடித்து உருட்டுங்கள். கம்பிகள் குறுக்கே ஏறிக்கிடந்தால் எத்தனை பலமாக அழுத்தினாலும் ஒன்று நசுங்கும், மற்றொன்று நழுவும்.

சாதாரணத் தட்டை மூக்குப் பிளையரால் சப்பையாக நசுக்குபவர்களும் உண்டு. வேலைக்காகும், ஆனால் சப்பையான கிரிம்பின் ஓரம் கூராகிக் கழுத்தைக் கீறும், கம்பியையும் அறுக்கும். இரண்டாவது அழுத்தத்தில் குழாய் பிளந்தால், “பரவாயில்லை, பிடித்துக்கொள்கிறதே” என்று விடாதீர்கள். வெட்டி எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள்.

மிச்சக் கம்பியைக் கிரிம்பை ஒட்டி வெட்டாமல் 2 முதல் 3 செ.மீ. பக்கத்து மணிகளுக்குள் நுழைத்துவிட்டு வெட்டுங்கள். பிறகு கொக்கியை ஒரு கையிலும் கடைசி மணிகளை மறு கையிலும் பிடித்து ஓர் இழுப்பு. நழுவுவதாக இருந்தால் உங்கள் கையிலேயே நழுவட்டும்.

மாலை தொங்காமல் குச்சிபோல விறைக்கிறது

கோத்து முடித்ததும் மணிகளை நெருக்கி, கம்பியை வலித்து இழுத்து, இடைவெளியே இல்லாமல் கிரிம்ப் போட்டிருப்பீர்கள். அப்படிச் செய்தால்தான் நேர்த்தி என்று தோன்றும். மேசையில் நேராகக் கிடக்கும்போது நேர்த்திதான். வட்டமாக வளைக்கும்போதுதான் வம்பு.

உருண்டை மணிகள் ஒன்றையொன்று ஒரு புள்ளியில்தான் தொடுகின்றன. அதனால் வளையும்போது பெரிதாக முட்டிக்கொள்ளாது. மொத்த மாலைக்கும் 2 முதல் 4 மி.மீ. தளர்வு விட்டால் போதும். தட்டை முனையுள்ள வட்டுகளும் குழல்களும் அப்படியல்ல. நேராக வைத்தால் முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்ளும். வளைத்தால் உள் ஓரங்கள் முட்டி, வெளி ஓரங்கள் விரியும். முழு வட்டமாக வளைய, நடு அச்சில் ஓடும் கம்பிக்கு மணியின் விட்டத்தைப்போல 3.14 மடங்கு கூடுதல் நீளம் தேவை. 4 மி.மீ. வட்டு மாலைக்கு அது ஏறக்குறைய 1.3 செ.மீ. துளைக்குள் கம்பி கொஞ்சம் உள்பக்கம் ஒதுங்கிக்கொள்ளும் என்பதால் நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே போதும். இருந்தாலும் 2 மி.மீ. தளர்வு எங்கே, இது எங்கே! வட்டுகளுக்கு நடுவே அங்கங்கே ஒரு உருண்டைப் பாசி வைத்தால் அது கீல்போல வேலை செய்யும்.

கடைசி கிரிம்பை அழுத்துவதற்கு முன் மாலையை வட்டமாக்கி இரண்டு கொக்கி முனைகளையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். அந்த நிலையில் கம்பி சுருங்காமல், மணிகள் பிதுங்காமல் இருந்தால் அழுத்தலாம்.

ஏற்கெனவே விறைத்துவிட்ட மாலைக்கு வைத்தியம் இல்லை. ஒரு பக்கக் கிரிம்பை வெட்டினால் கம்பி குறைந்துபோகும். முழுசாக மறுபடி கோக்கத்தான் வேண்டும்.

மணிகளுக்கு நடுவே நூல் பல்லிளிக்கிறது

கோத்த அன்றே தெரிந்தால் தளர்வு அதிகம். சில வாரம் கழித்துத் தெரிந்தால் நூல் நீண்டிருக்கிறது. பட்டும் நைலானும் நீளும். கோப்பதற்கு முன் நூலை இழுத்து, ஏதாவது ஒரு எடையைக் கட்டி ஓர் இரவு தொங்கவிட்டால் பாதி நீட்சி அப்போதே முடிந்துவிடும். மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை: பெரிய துளை மணிக்குள் பக்கத்துச் சின்ன மணி நழுவி உள்ளே போய்விடுவது. மேசையில் நீங்கள் அளந்த நீளம் அப்போது பொய்யாகிறது. பெரிய துளைக்குள் நிரப்பாக 11/0 பாசி இரண்டு மூன்றை மறைத்துக் கோத்தால் மணி ஆடாமல் நடுவில் நிற்கும். (பாசி அளவில் எண் கூடினால் மணி சிறிது: 11/0 சுமார் 2 மி.மீ., 8/0 சுமார் 3, 6/0 சுமார் 4.)

அளந்துதான் கோத்தேன், கழுத்தை இறுக்குகிறது

இது அளவுகோலின் தவறும் இல்லை, உங்கள் தவறும் இல்லை. மாலையின் நீளத்தை நாம் மணிகளின் நடு அச்சில் அளக்கிறோம். கழுத்தைத் தொடுவதோ மணிகளின் உள்பக்கம். உள்சுற்று எப்போதும் மணி விட்டத்தின் 3.14 மடங்கு குறைவு. 45 செ.மீ. மாலையை 4 மி.மீ. மணியில் கோத்தால் கழுத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 43.7 செ.மீ. அதே 45 செ.மீ.யை 16 மி.மீ. மணியில் கோத்தால் 40 செ.மீ.தான். 5 செ.மீ. போன இடம் தெரியாது. கழுத்தை ஒட்டி அணியும் சோக்கர்களில் இது உடனே உறைக்கும். நெஞ்சுவரை தொங்கும் மாலையில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். கழுத்தில் தளர்வாக ஒரு நாடாவைச் சுற்றி, வேண்டிய இடத்தில் படும்படி அளந்து, அதோடு மணி விட்டம் × 3.14 கூட்டினால் கோக்க வேண்டிய மொத்த நீளம். கொக்கியின் நீளம் இதற்குள்ளேயே அடங்க வேண்டும். டாகிள் கொக்கி (வளையத்துக்குள் குச்சியை நுழைத்துப் பூட்டுவது) தனியாக 2, 3 செ.மீ. பிடித்துக்கொள்ளும், அதை மறந்தால் இப்போது மாலை நீண்டுபோகும்.

ஏற்கெனவே கோத்தது சின்னதாகிவிட்டதா? பின்பக்கம் ஒரு 5 செ.மீ. நீட்டுச் சங்கிலி போட்டுவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறருக்குச் செய்து கொடுப்பவர்கள் எல்லா மாலையிலும் போட்டே கொடுக்கலாம்.

கொக்கி முன்னால் வந்துவிடுகிறது, பதக்கம் கவிழ்ந்துகொள்கிறது

கனம் கீழே போகப் பார்க்கும். மாலை முழுவதும் ஒரே அளவு மணியாகவும் கொக்கி மட்டும் கனமாகவும் இருந்தால், நடக்க நடக்கக் கொக்கி வழுக்கி முன்னால் வரும். கொக்கியை இலேசானதாக மாற்றுங்கள். பின்கழுத்தில் படும் மணிகளைச் சிறிதாக்குங்கள். அல்லது முன்னால் கனத்தைச் சேருங்கள். மூன்றில் ஒன்று போதும். எதுவும் முடியாவிட்டால் அழகான கொக்கியாகப் பார்த்துப் போட்டு அதை முன்னாலேயே வைத்துவிடுவதும் ஒரு தீர்வு. சிலர் அதையே வடிவமைப்பாக ஆக்கிவிட்டார்கள்.

பதக்கம் பக்கவாட்டில் திரும்பி நின்றால் அதன் துளை எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். முன்னிருந்து பின்னாகத் துளை இருந்தால், நேராக நூலில் கோத்த பதக்கம் உங்களுக்கு விளிம்பைத்தான் காட்டும். ஒரு ஜம்ப் ரிங் (வாய் திறந்து மூடக்கூடிய சின்னக் கம்பி வளையம்) அல்லது பதக்கத்தைத் தொங்கவிடும் கவை மாட்டி அதன் வழியாகக் கோத்தால் கால் சுற்றுத் திரும்பி முகம் காட்டும். ஒற்றை வளையம் திருப்பும், இரட்டை வளையம் மறுபடி பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும், எண்ணிப் போடுங்கள். தலைகீழாகவே கவிழும் பதக்கத்தின் எடை மேல் பாதியில் இருக்கிறது. அதை இரண்டு இடத்தில் பிடித்துத் தொங்கவிடுவதுதான் வழி.

கொக்கி தானாகக் கழல்கிறது

டாகிள் என்றால் குச்சியின் நீளத்தையும் வளையத்தின் உள்விட்டத்தையும் ஒப்பிடுங்கள். குச்சி தெளிவாக நீளமாக இருக்க வேண்டும். அது சரியாக இருந்தும் கழன்றால் மாலைக்குக் கனம் போதவில்லை. டாகிளைப் பூட்டி வைப்பதே மாலையின் இழுப்புதான். இலேசான பாசி மாலைக்கு, ஸ்பிரிங் நாக்கு உள்ள லாப்ஸ்டர் கொக்கிக்கு மாறிவிடுங்கள். குச்சிப் பக்கம் கடைசி 2 செ.மீ.க்குச் சின்ன மணிகளாகவே வையுங்கள். பெரிய மணி இருந்தால் குச்சி வளையத்துக்குள் முழுசாக நுழையாமல் பாதியில் நின்று ஏமாற்றும்.

காந்தக் கொக்கி வசதியானது, ஆனால் கனமான மாலைக்கு உதவாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

ஜம்ப் ரிங் விட்டுப்போனால் பெரும்பாலும் திறந்த விதத்தில்தான் தவறு. இரண்டு பிளையரால் பிடித்து ஒரு முனையை உங்கள் பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் தள்ளித் திறக்க வேண்டும். இடவலமாக விரித்தால் வட்டம் கெட்டுப்போகும், பிறகு சேரவே சேராது. மூடிய பிறகு நகத்தால் தடவுங்கள். நகம் தட்டினால் நூலும் அந்த வழியே தப்பித்துவிடும்.

முத்து மாலையில் முடிச்சு முத்தோடு ஒட்டவில்லை

ஒவ்வொரு முத்துக்கும் பிறகு போடும் முடிச்சு இறுகுவதற்கு முன் ஊசியையோ கூர்மூக்கு இடுக்கியையோ கண்ணிக்குள் விட்டு, கண்ணியை முத்துவரை தள்ளிக்கொண்டே போய், முத்தைத் தொட்ட பிறகுதான் ஊசியை உருவ வேண்டும். அவசரப்பட்டு உருவினால் 1 மி.மீ. தள்ளி முடிச்சு உட்கார்ந்துவிடும். பட்டு முடிச்சை அவிழ்க்க முயன்றால் நூல் பஞ்சாகும். அந்த ஒன்றை மன்னித்துவிட்டு மேலே போங்கள்.

முடிச்சு துளைக்குள் வழுக்கிப் போனால் நூல் மெல்லியது. முடிச்சுகளுக்கான நீளத்தையும் கணக்கில் வையுங்கள். ஒன்றுக்கு 1 மி.மீ. என்று கொண்டாலே 70 முத்துக்கு 7 செ.மீ. கூடுகிறது.

பசை விஷயத்தில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். ஒரு முத்து மாலையின் கடைசி முடிச்சுக்கு உறுதி வேண்டும் என்று, வீட்டில் இருந்த உடனடிப் பசையில் ஒரு சொட்டு வைத்தேன். பட்டு அதைத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல உறிஞ்சி, அரை அங்குலம் கம்பியாக விறைத்தது. மறுநாள் பார்த்தால் பக்கத்து இரண்டு முத்துகளில் வெள்ளைப் புகை படிந்திருந்தது. அந்தப் பசையின் ஆவி அப்படித்தான் படியும். விறைத்த பட்டு சில நாளில் அந்த விளிம்பிலேயே ஒடிந்தது. காய்ந்த பிறகும் வளையக்கூடிய நகைப் பசை, ஜி-எஸ் ஹைப்போ சிமென்ட் போன்றது, ஊசிமுனையளவு போதும்.

கழுத்து பச்சையாகிறது, மணியில் சாயம் போகிறது

பச்சை நிறம் செம்பிலிருந்தும் பித்தளையிலிருந்தும் வருகிறது. வியர்வை பட்டுச் செம்பு உப்பாகி ஒட்டிக்கொள்கிறது, கழுவினால் போய்விடும். அரிப்பும் தடிப்பும் வந்தால் நிக்கலைச் சந்தேகியுங்கள், அது ஒவ்வாமை. ஒரு தரம் வந்தால் விடாது. கொக்கியையும் சங்கிலியையும் ஸ்டெர்லிங் வெள்ளிக்கோ (92.5 சதவீதம்) டைட்டானியத்துக்கோ மாற்றுவதுதான் தீர்வு. நிறமற்ற நகப்பூச்சு அடிப்பது சில நாளைக்குத்தான் தாங்கும்.

சாயத்தைக் கோப்பதற்கு முன்பே சோதித்திருக்க வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் நனைத்த பஞ்சால் துளை ஓரத்தைத் தேயுங்கள். நீலம் பஞ்சுக்கு வந்தால் உங்கள் டர்க்காய்ஸ் பெரும்பாலும் சாயம் ஏற்றிய ஹௌலைட் என்கிற வெள்ளைக் கல். அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வெளிர் ஆடைமேல் அணியும் மாலைக்கு மட்டும் வேண்டாம். உலோகப் பளபளப்பு பூசிய கால்வனைஸ்டு பாசிகளும் வியர்வையில் வெளுக்கும்.

கறுத்த வெள்ளியை மினுக்கும் திரவத்தில் மாலையோடு முக்கிவிடாதீர்கள். முத்து, பவழம், டர்க்காய்ஸ் மூன்றும் அதில் கெடும். கொக்கியை மட்டும் துணியால் தேயுங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் பார்க்க ஏதோ குறைகிறது

இதற்குப் பிளையர் உதவாது. கைப்பேசியில் மாலையைப் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எல்லா மணியும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் நிறங்கள் எத்தனை இருந்தும் வெளுப்பு கருமை வித்தியாசம் இல்லை. இரண்டடி தள்ளி நின்றாலே கலங்கிப்போகும். நாலைந்து மணியை மிகக் கருமையாகவோ மிக வெளிறியதாகவோ மாற்றினால் மாலை விழித்துக்கொள்ளும். எல்லாம் பளபளவென்று மின்னினாலும் இதே கதி. நடுவே மங்கல் மணி கொஞ்சம் இருந்தால்தான் பளபளப்புக்கு மதிப்பு.

கண்ணாடி மணிகள் கோத்ததும் நிறம் மாறிவிட்டதாகத் தோன்றினால் உள்ளே ஓடும் நூலின் நிறம் காரணம். வெளிர் மணிக்குள் கறுப்பு நூல் அழுக்காகத் தெரியும். ஒரு விரல் நீளம் கோத்துப் பார்த்துவிட்டு மேலே போவது நல்லது.

இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்றால் நீங்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கோத்திருக்கிறீர்கள். நடுவிலிருந்து தொடங்குங்கள். பீட் போர்டு என்கிற, மணி அடுக்கும் பள்ளப் பலகையில் பூஜ்யம் நடுவில் இருப்பது அதற்காகத்தான். கையால் செய்த மணிகள் ஒரே பெயரில் வந்தாலும் ஒரே அளவில் வராது. இடவலமாக இணை பிரித்து வைத்துக்கொண்டு கோத்தால், கடைசியில் ஒரு பக்கம் அரை செ.மீ. நீண்டு நிற்காது. போர்டு இல்லாதவர்கள் ஒரு துண்டை மடித்து அதன் பள்ளத்தில் அடுக்கலாம். மணி உருளாது, நானே இப்போதும் பாதி நாள் அப்படித்தான் அடுக்குகிறேன்.